அப்பச்சோடாவும் ஐரிஷ் பாணும்

(நமது வானொலியின் சனிக்கிழமைக் காலை நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த நேரத்தில் வருமான வரி, ஓய்வூதியம், வீட்டுக் கடன் என்று கணக்கோடுதான் உங்களிடம் வருவேன். இன்றைக்குப் பாணோடு வந்திருக்கிறேன். "கணக்காளருக்கு அடுப்படியில் என்ன வேலை?" என்று நிலையத்தில் ஒரு நண்பர் கேட்டார். கடைசியில் இதுவும் கணக்கில்தான் போய் முடிந்தது. பொறுமையாகக் கேளுங்கள்.

விடயம் என் அக்காவின் வீட்டில் தொடங்கியது. அக்கா பார்க் எக்ஸ்டென்ஷனில் மகளின் குடும்பத்தோடு இருக்கிறார். இருபது வருடமாகச் சலரோகம். மகளின் பிள்ளைக்கு ஒன்பது வயது. அந்தப் பிள்ளைக்கு நெடுநாளாக வயிற்றுக் குத்து, சோர்வு, வயதுக்கேற்ற வளர்த்தி இல்லை. பரிசோதித்துப் பார்த்ததில் சீலியாக் நோய் என்று சொன்னார்கள். கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் குடலுக்குள் போனால், உடம்பே தன் சிறுகுடலைத் தாக்குகிற நோய் இது. இதற்கு மருந்து கிடையாது. வாழ்நாள் முழுக்கக் குளூட்டனைத் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பிள்ளைக்கென்று குளூட்டன் இல்லாத பாண் வாங்கத் தொடங்கினார்கள். விலை சாதாரணப் பாணின் இரண்டு மடங்குக்கு மேல். ஒருநாள் நான் போனபோது அக்கா அந்தப் பாணில் இரண்டு துண்டைச் சம்பலோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உது பிள்ளைக்கு வாங்கினதெல்லே அக்கா?"

"வருத்தக்காரருக்கு எண்டு விக்கிற பாண்தானே தம்பி. எனக்கும் நல்லதுதானே."

இரண்டு மணித்தியாலம் கழித்துச் சீனியைப் பார்த்தால் 15.2. சாதாரணப் பாண் சாப்பிடும் நாட்களிலும் அவ்வளவு ஏறுவதில்லை என்று மகள் சொன்னாள். பொதியை எடுத்து வாசித்தேன். மரவள்ளிக் கிழங்கின் மா, அரிசி மா, உருளைக்கிழங்கு மா, பிறகு சீனி! கோதுமையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னும் வேகமாகச் சீனியாக மாறக்கூடிய மாக்களை நிரப்பியிருக்கிறார்கள். பாண் செய்தவர்கள் பொய் சொல்லவில்லை. குளூட்டன் இல்லை என்றுதான் எழுதியிருந்தார்கள், சீனி ஏறாது என்று எழுதவில்லை. பிழையாக வாசித்தது நாங்கள்தான்.

நேயர்களே, குளூட்டன் ஒரு கணக்கு, மாச்சத்து இன்னொரு கணக்கு. ஒன்றில் வரவு வைத்ததை மற்றதில் காட்ட முடியாது. எங்கள் வீடுகளில் இந்த இரண்டு கணக்கும் எப்போதும் கலந்தே கிடக்கின்றன. குரக்கன் பிட்டைப் பாருங்கள். குளூட்டன் அறவே இல்லை, பிள்ளைக்கு நல்லது. ஆனால் 100 கிராம் குரக்கன் மாவில் ஏறத்தாழ 70 கிராம் மாச்சத்து இருக்கிறது. கோதுமை மாவை விட நார்ச்சத்துக் கூட என்பது உண்மை. ஆனால் "குரக்கன்தானே" என்று நீத்துப்பெட்டி நிறையச் சாப்பிட்டால் மீற்றர் மன்னிக்காது. ஒடியல் மாவும் அப்படித்தான். மறுபக்கம், அவித்த கோதுமை மாவில் செய்யும் இடியப்பத்தை "அவிச்ச மாதானே" என்று சீலியாக் பிள்ளைக்குக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவித்தாலும் வறுத்தாலும் குளூட்டன் போகாது. இன்னொன்று, பெருங்காயத் தூள். கடையில் விற்கும் தூளில் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும். அக்காவின் வீட்டில் சீலியாக் என்று தெரிந்து மூன்று மாதம் வரை பிள்ளைக்குச் சோதனையில் முன்னேற்றம் தெரியவில்லை. காரணம் ரசத்துக்குப் போட்ட பெருங்காயம்!

இந்த இருவரும் ஒரே மேசையில் ஒரே பாணைச் சாப்பிட வழி இருக்கிறதா என்ற கேள்வி எனக்குள் விழுந்தது அப்போதுதான். பாண் என்றால் எங்கள் ஆட்களுக்கு வெறும் சாப்பாடு மட்டும் இல்லை. பெயரே போர்த்துக்கேயர் விட்டுப் போனது. 1970களில் விடியற்காலையில் பாணுக்கு வரிசையில் நின்ற ஞாபகம் அக்காவுக்கு இருக்கிறது. விறகுப் போறணையில் இருந்து இறங்கிய றோஸ் பாணின் கருகிய ஓரத்துக்கு நானும் அவரும் சண்டை பிடித்த ஞாபகம் எனக்கும் இருக்கிறது. வைத்தியர் "பாணைக் குறையுங்கள்" என்றபோது அக்காவின் முகம் போன போக்கை நான் பார்த்திருக்கிறேன்.

விடை வந்தது ஒரு வாடிக்கையாளரிடமிருந்து. பொயின்ற் சென் சார்ள்ஸ் பகுதியில் வசிக்கும் ஒரு மூதாட்டி, ஐரிஷ் வம்சாவளி. ஒவ்வொரு மார்ச் மாதமும் வரிக் கடதாசிகளோடு துணியில் சுற்றிய ஒரு வட்டப் பாணும் கொண்டு வருவார். மார்ச் 17 சென் பற்றிக் தினம், அதையொட்டி மொன்றியலில் 1824 முதல் ஊர்வலம் நடந்துவருகிறது. "இதில் என்ன போடுகிறீர்கள்?" என்று பல வருடங்களில் முதல் தடவையாகக் கேட்டேன். மா, உப்பு, மோர், சோடா. நாலே நாலு. ஈஸ்ற் இல்லை, பிசைந்து அடிக்கும் வேலையில்லை, பொங்க வைத்துக் காத்திருக்கவும் தேவையில்லை.

அக்காவிடம் சொன்னேன். "சோடா எண்டால் அப்பத்துக்குப் போடுற சோடாதானே?" என்று கேட்டார். அதேதான். அப்பச்சோடா. அப்பம் புளித்த மாவில் சோடா சேர்ந்ததும் நுரைப்பது போலத்தான் இதுவும். மோரின் புளிப்பும் சோடாவும் சந்தித்தால் காபனீரொட்சைட்டு வாயு கிளம்பும், அந்தக் குமிழ்கள் மாவைத் தூக்கும்.

இந்தப் பாண் அயர்லாந்தில் ஏன் பிறந்தது என்று வாசித்துப் பார்த்தேன். அங்கே குளிரும் மழையும். அந்த மண்ணில் விளையும் கோதுமை மென்மையான வகை, குளூட்டன் குறைவு. ஈஸ்ற் போட்டால் பாண் நன்றாக எழும்பாது. 1830கள் அளவில் சோடா சாதாரண வீடுகளுக்கு வந்து சேர்ந்ததும் அந்தப் பலவீனமான மாவுக்கு ஒரு வழி பிறந்தது. அவண் இல்லாத வீடுகளில் மூடியுள்ள இரும்புச் சட்டியில் வைத்து, மூடிமேலும் தணல் போட்டுச் சுட்டார்கள். அம்மா நத்தாருக்குக் கேக் சுட்டதும் அப்படித்தான், தாச்சிக்குக் கீழும் தணல், மேலே தகரத்திலும் தணல்.

எனக்குப் பொறி தட்டியது இங்கேதான். சாதாரணப் பாணில் குளூட்டன்தான் இழுபட்டு வலைபோல நின்று வாயுவைப் பிடித்து வைக்கிறது. அதை எடுத்துவிட்டால் கட்டிடமே சரிந்துவிடும். ஆனால் சோடாப் பாண் ஆரம்பத்திலேயே குளூட்டனை அதிகம் நம்பாமல் பிறந்த பாண். ஆகவே உலகத்துப் பாண்களில் குளூட்டன் இல்லாமல் மாற்றிச் செய்ய எளிதானது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தது சரி, செய்தது முதலில் பிழை. அதற்கு வருகிறேன்.

சாமான் வாங்க ஜான்-டலோன் சந்தைக்குப் போனேன். பார்க் நிலையத்தில் நீல வழித்தடத்தில் ஏறினால் இரண்டாவது தரிப்பு. சனிக்கிழமை காலையில் கத்தரிக்காய், கறிமிளகாய், கோடையில் சோளம் என்று நம்மவர்கள் பலரை அங்கே காணலாம். 1933இல் திறந்தபோது அதற்கு வடக்குச் சந்தை என்று பெயர். ஜான் டலோன் என்பவர் 1665இல் பிரான்ஸ் அரசரின் நிர்வாகியாக இங்கே வந்தவர். மறுவருடமே வீடு வீடாகக் குடிசனக் கணக்கெடுத்து 3,215 பேர் என்று பதிந்தவர். அவரில் எனக்குத் தனி மரியாதை உண்டு, ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் அந்த நிலத்தின் பழைய கதை எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது. சந்தை வருவதற்கு முன் அது ஐரிஷ்காரரின் ஷாம்றொக் கழகம் லக்ரோஸ் விளையாடிய மைதானம். ஷாம்றொக் என்றால் அயர்லாந்தின் மூவிலைச் செடி. சந்தையை ஒட்டி ஷாம்றொக் என்ற பெயரில் இன்றும் ஒரு வீதி இருக்கிறது, மொன்றியல் நகரக் கொடியிலும் அந்த இலை இருக்கிறது. இருபது வருடமாக அந்த வீதிப் பலகையைப் பார்த்துக்கொண்டு வாகனம் நிறுத்த இடம் தேடியிருக்கிறேன், ஒருநாளும் ஏன் என்று யோசிக்கவில்லை.

1847இல் உருளைக்கிழங்கு அழுகிய பஞ்சத்தில் இருந்து தப்பிக் கப்பலேறியவர்கள் அவர்கள். கப்பலிலேயே காய்ச்சல் தொற்றியது. மொன்றியல் கரையில் கொட்டில்களில் கிடத்தப்பட்டு ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். அவர்களைப் பராமரிக்கப் போன நகர மேயர் ஜோன் மில்ஸும் அதே காய்ச்சலில் இறந்தார். 1859இல் விக்டோரியாப் பாலம் கட்டிய தொழிலாளர்கள் அந்தப் புதைகுழிகளுக்கு மேல் ஒரு பெரிய கருங்கல்லை நிறுத்தினார்கள். 6,000 பேர் என்று அதில் பொறித்திருக்கிறது. எனது வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகும்போது அந்தக் கல்லை நான் கண்டிருக்கிறேன். 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த எங்கள் ஆட்கள் 155 பேரை மீனவர்கள் காப்பாற்றினார்களே, அவர்களில் பலர் வந்து சேர்ந்ததும் இந்த நகரத்துக்கும் ரொறன்ரோவுக்கும்தான். அந்த மூதாட்டியிடம் இதைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த தடவை இரண்டு பாண் கொண்டு வந்தார்.

சரி, அடுப்படிக்குப் போவோம்.

முதல் முயற்சியில் கோதுமை மா 450 கிராமுக்குப் பதில் தேங்காய் மா 450 கிராம் போட்டேன். தேங்காய் மா என்பது பால் பிழிந்த பூவைக் காயவைத்து அரைத்த மா. அது தண்ணீரைக் குடிக்கிற குடி இருக்கிறதே! மோர் முழுவதும் போய், இன்னும் ஊற்றி, கடைசியில் வந்தது ஒரு செங்கல். இரண்டாவது முறை பாதாம் மாவுக்கு மாறினேன், மோர் இல்லை என்று பாலை ஊற்றினேன். புளிப்பு இல்லாமல் சோடா அப்படியே நின்று சவர்க்காரம் போல வாயில் தட்டியது. மூன்றாவது முறை எழும்பியது, வெட்டினால் மணல்போல உதிர்ந்தது. வலை வேண்டுமே! அதற்கு இசப்கோல் உமி வேண்டும் என்று பிறகு கண்டுகொண்டேன். மலச்சிக்கலுக்கு மருந்துக் கடையில் விற்கிறார்களே, அதேதான். தண்ணீரில் பசைபோலாகி, குளூட்டன் செய்கிற வேலையில் பாதியைச் செய்கிறது.

ஐந்தாவது முறை சரிவந்தது. பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாக அரைத்த வெள்ளைப் பாதாம் மா 250 கிராம், அரைத்த ஆளி விதை 50 கிராம், இசப்கோல் உமித் தூள் 25 கிராம், அப்பச்சோடா ஒரு தேக்கரண்டி மட்டமாக, உப்பு முக்கால் தேக்கரண்டி. இவற்றை ஒன்றாக அரித்துக் கலவுங்கள், சோடா கட்டியாக நின்றால் அந்த இடம் கசக்கும். வேறு பாத்திரத்தில் மூன்று முட்டை, மோர் 200 மில்லிலீற்றர், வினாகிரி ஒரு மேசைக்கரண்டி. இங்கே கடையில் மோருக்குப் பிரெஞ்சில் பாபேர் என்று எழுதியிருக்கும். ஈரத்தைக் காய்ந்ததில் ஊற்றிக் கரண்டியால் கிளறுங்கள். இரண்டொரு நிமிடத்தில் இறுகும். கையை நனைத்து உருண்டையாக்கி, சற்றுத் தட்டி, மேலே சிலுவைபோல ஆழமாகக் கீறி, 175 பாகை சூடேறிய அவணில் உடனே வையுங்கள். தாமதித்தால் வாயு போய்விடும். ஐம்பது, ஐம்பத்தைந்து நிமிடம். அடியில் தட்டினால் வெறும் பெட்டிபோலச் சத்தம் கேட்க வேண்டும். முற்றாக ஆறும்வரை வெட்டாதீர்கள், சூட்டோடு வெட்டினால் உள்ளே களிபோல இருக்கும். நான் ஒரு தேக்கரண்டி பெருஞ்சீரகமும் போடுகிறேன், அது ஐரிஷ் வழக்கம் அல்ல, எங்கள் வழக்கம். இசப்கோல் சேர்ந்த பாண் என்பதால் சாப்பிடும்போது தண்ணீர் நிறையக் குடியுங்கள். பாதாம் ஒவ்வாதவர்கள் சூரியகாந்தி விதை மாவில் செய்யலாம். உள்ளே பச்சையாக வந்தால் பயப்படாதீர்கள், சோடாவோடு சேர்ந்து நிறம் மாறுவதுதான், கெடுதல் இல்லை.

இனி என் தொழில். கனடாப் பொதிகளில் மாச்சத்து என்று போட்டிருக்கும் தொகைக்குள் நார்ச்சத்தும் அடக்கம். நார்ச்சத்து இரத்தத்தில் சீனியாக ஏறாது. ஆகவே மொத்தத்தில் இருந்து நாரைக் கழித்தால் தேறிய மாச்சத்து. மொத்த இலாபம், தேறிய இலாபம் போல. ஆனால் ஐரோப்பாவில் இருந்து வரும் பொதிகளில் நாரை ஏற்கெனவே கழித்துத்தான் போடுவார்கள். அதில் நீங்கள் மறுபடியும் கழித்தால் ஒரே செலவை இரண்டு தரம் பதிந்த மாதிரி ஆகிவிடும், கவனம்.

என் பாணில் தேறிய மாச்சத்து பாதாமில் இருந்து ஏறத்தாழ 22 கிராம், மோரில் இருந்து 10, மற்ற எல்லாம் சேர்த்து 4. மொத்தம் 36. பன்னிரண்டு துண்டாக வெட்டினால் துண்டுக்கு 3 கிராம். மூதாட்டியின் கோதுமைப் பாணை அதே பன்னிரண்டாக வெட்டினால் துண்டுக்கு ஏறத்தாழ 29. இது பெரிய வித்தியாசம். ஆனால் மறைக்காமல் மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். கலோரிக் கணக்கில் இலாபம் இல்லை. என் துண்டில் ஏறத்தாழ 175, கோதுமைத் துண்டில் 150. பாதாமில் கொழுப்பு அதிகம். சீனி ஏறாது என்பதற்காக அரைப் பாணை விழுங்கினால் உடம்பு ஏறும். விலையும் கோதுமையை விடப் பல மடங்கு.

இப்போது நான் விட்ட பிழை. பாண் வெற்றியான உற்சாகத்தில் அக்காவை மத்தியானச் சோற்றையும் பாதியாக்கச் சொன்னேன். குளிசை பழைய அளவிலேயே போனது. நாலாம் நாள் பின்னேரம் அக்கா வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறி உட்கார்ந்துவிட்டார். மீற்றரில் 3.3. நாலுக்குக் கீழே போனால் ஆபத்து. பிள்ளைதான் ஓடிப்போய்ப் பழச்சாறு கொண்டுவந்தாள். 150 மில்லிலீற்றர் கொடுத்து, பதினைந்து நிமிடம் பொறுத்து மறுபடி பார்த்தோம், 4.6. அந்தப் பதினைந்து நிமிடம் எனக்கு ஒரு வருடம். கிளிக்ளசைட், கிளைபுரைட் போன்ற குளிசைகளும் இன்சுலினும் எடுப்பவர்கள் மாச்சத்தைத் திடீரென்று குறைத்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கும். இதை வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ முதலில் கேட்டிருக்க வேண்டியது நான். அடுத்த கிழமை வைத்தியர் குளிசையைக் குறைத்தார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார். நேயர்களே, பாணை மாற்றுவதற்கு முன் தொலைபேசியை எடுங்கள்.

சீலியாக் பக்கத்திலும் இரண்டு சொல். சந்தேகம் இருந்தால் சோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் இரத்தச் சோதனையில் நோய் தெரியாமல் போகலாம். மாவைத் திறந்த தொட்டியில் இருந்து அள்ளி வாங்க வேண்டாம், ஒரே அகப்பை பல தொட்டிக்குள் போய்வரும். "குளூட்டன் இல்லை" என்று அச்சிட்ட மூடிய பொதியாக வாங்குங்கள். ரோஸ்ரரும் பலகையும் பிள்ளைக்குத் தனியாக இருக்கட்டும்.

வரியைப் பற்றிச் சொல்லாமல் போனால் நீங்கள் ஏமாந்து போவீர்கள், அதனால் இதையும் கேளுங்கள். சீலியாக் என்று வைத்தியர் எழுத்தில் உறுதிப்படுத்தியவருக்கு, மத்திய அரசின் வரிப் படிவத்தில் மருத்துவச் செலவோடு குளூட்டன் இல்லா உணவின் மேலதிக விலையைச் சேர்க்கலாம். சாதாரணப் பாண் 4 டொலர், பிள்ளையின் பாண் 9 டொலர் என்றால் 5 டொலர்தான் கணக்கு. வீட்டில் செய்ய வாங்கும் மாவுக்கும் இது பொருந்தும். பற்றுச்சீட்டுகளையும் பொருள்வாரியான பட்டியலையும் வைத்திருங்கள். ஆனால் நோயாளி சாப்பிட்ட பங்குக்கு மட்டும்தான். எங்கள் பாணில் பன்னிரண்டு துண்டில் ஏழு அக்காவுக்குப் போகிறது. ஆகவே பன்னிரண்டில் ஐந்து பங்குதான் நான் பதிகிறேன். மாச்சத்துக் குறைவு என்பதற்காக அரசாங்கம் ஒரு சதமும் தராது. அக்காவுக்கு அதில் இன்னும் கோபம்.

சிலுவைக் கீறல் எதற்கு என்று அந்த மூதாட்டியிடம் கேட்டிருந்தேன். உள்ளே நன்றாக வேக என்பது ஒன்று. பாணுக்குள் இருக்கும் தேவதைகளை வெளியே விட என்பது அவருடைய பாட்டி சொன்னது. இதைப் பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். இப்போது கீறும் வேலை அவளுடையது. போன ஞாயிற்றுக்கிழமை கத்தியை வைத்துக்கொண்டு, "அம்மம்மா, எல்லாம் வெளியில போட்டுதோ?" என்று கேட்டாள்.

அக்கா சம்பல் இடித்துக்கொண்டிருந்தார். "நான் செத்தல் மிளகாயில கை வைக்கேக்கையே போட்டுது பிள்ளை. நீ அவணுக்குள்ள வை."

அடுத்த மாதம் வரிப் படிவங்களோடு வருகிறேன். வணக்கம்.